பெரியவரா, சின்னவரா: வால்பாறைக்கு ஒரு லைப்ரரி தேடிய கதை

வெள்ளைத் திரை

நாங்கள் எழுதிய முதல் வலைப்பக்கம் வால்பாறையில் திறக்கவே இல்லை.

மழை சற்று ஓய்ந்திருந்த காலை. தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில், தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு முன்னால் நின்றிருந்தோம். நர்ஸ் செல்வராணி தன் போனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு பார்த்தாள். திரை வெள்ளையாக இருந்தது. போனுக்குப் பின்னால் தேயிலைச் செடிகள் இருக்க வேண்டிய இடத்திலும் மூடுபனி வெள்ளையாக நின்றது. திரை எங்கே முடிகிறது, பனி எங்கே தொடங்குகிறது என்று ஒரு கணம் எனக்குப் பிடிபடவில்லை.

"இங்க சிக்னல் அப்படித்தாங்க மேடம். அந்த வளைவுல சில்வர் ஓக் மரம் ஒண்ணு இருக்குது பாருங்க, அதுக்குக் கீழ நின்னா வரும். மழை புடிச்சா அங்கயும் வராது" என்றாள். பிறகு, எனக்காக வருத்தப்படுகிறவள் போல, "நானும் ஆசையா ஸ்டேட்டஸ் எல்லாம் போட்டுட்டேங்க, புது ஆப் வருதுன்னு" என்று சிரித்தாள்.

கோவையில் சரவணம்பட்டிப் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் வலைத்தளங்கள் எழுதுவது என் வேலை. இருபது வருஷத்துக்கு மேலாயிற்று. புதிதாகச் சேருகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "ஒரே வேலைக்குப் பத்து லைப்ரரி கெடக்குதுங்க, எதை எடுக்கறது?" வாயால் பதில் சொன்னால் பாதியில் யாராவது மீட்டிங்குக்குக் கூப்பிட்டுவிடுகிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

வால்பாறைத் தோட்டங்களில் சிறு மருத்துவ நிலையங்கள் நடத்தும் ஓர் அறக்கட்டளை எங்களிடம் வந்திருந்தது. அவர்களுடைய நர்ஸ்கள் லைன் லைனாக நடந்துபோய் கர்ப்பிணிகளைப் பார்ப்பார்கள். எடை, பிரஷர், ரத்தத்தின் அளவு எல்லாவற்றையும் அங்கேயே போனில் பதிய வேண்டும். கீழே வால்பாறை டவுனில் இருக்கும் டாக்டர் அதைத் தன் கம்ப்யூட்டரில் பார்க்க வேண்டும். கேட்க எளிய வேலை. எங்கள் ஆபீஸ் வைஃபையில் அந்தப் பக்கம் பறந்தது. மலைமேல் வந்ததும் இறக்கை மடித்து உட்கார்ந்துவிட்டது.

திரும்பி வரும்போது காரில் நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன். என்னோடு வேலை பார்க்கும் பிரவீன் உடன் வந்திருந்தான். கொண்டை ஊசி வளைவுகளில் ஆழியாறு அணை தெரிவதும் மறைவதுமாக இருந்தது. தண்ணீர் அங்கேயேதான் இருந்தது. மலை குறுக்கே வரும்போது நமக்குத்தான் அது இல்லாமல் போனது. பதிவுகளும் அப்படி இருக்கலாமே என்று நினைத்தேன். போனுக்குள்ளேயே இருக்கட்டும். சிக்னல் தெரியும்போது கீழே இறங்கி வரட்டும். மறைந்தால் காத்திருக்கட்டும்.

கிணத்துக்கடவு தென்னந்தோப்புகளைத் தாண்டும்போது பிரவீனும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தான் என்று தெரிந்தது. "ஆஃப்லைன்ல வெச்சு சிங்க் பண்ணோணுங்கக்கா. ஆனா அதை நாமளே முதல்ல இருந்து எழுதினா செத்தோம்" என்றான்.

பெரியவரும் சின்னவரும்

யாரோ எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்று பொதுவில் வைத்திருக்கும் நிரல் தொகுப்பைத்தான் நாங்கள் ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி என்கிறோம். போனில் சேமித்து, சிக்னல் வரும்போது மையக் கணினியான சர்வருக்கு அனுப்பும் இந்த 'சிங்க்' வேலைக்கு அப்போது பல லைப்ரரிகள் இருந்தன. தேடிக் கழித்ததில் இரண்டு மிஞ்சின. அவற்றின் பெயர்களைச் சொல்லப் போவதில்லை. ஆபீஸில் நாங்களும் சொன்னதில்லை. ஒன்றைப் பெரியவர் என்போம், இன்னொன்றைச் சின்னவர் என்போம், ஒரே வீட்டு அண்ணன் தம்பியைச் சொல்வதுபோல.

பெரியவருக்குப் பின்னால் ஒரு பெரிய கம்பெனி இருந்தது. ஓயாமல் புதிய வெர்ஷன் வந்துகொண்டிருக்கும். சேமிப்பு, சிங்க் மட்டுமில்லாமல் பட்டன், பட்டியல், காலண்டர் என்று திரைக்கு வேண்டிய எல்லாமும் அவரிடமே கிடைக்கும். எந்தச் சந்தேகத்தைத் தேடினாலும் யாரோ ஏற்கெனவே கேட்டு, யாரோ பதில் சொல்லியிருப்பார்கள்.

சின்னவரிடம் சேமிப்பும் சிங்கும் மட்டும்தான். திரையை நாமே வரைந்துகொள்ள வேண்டும். எழுதியவர் ஒரே ஒரு ஆள். பெயர் போடவில்லை. தன் படம் வைக்க வேண்டிய இடத்தில் ஒரு கடற்பறவை, சாம்பல் வானத்துக்கு எதிரே இறக்கையை விரித்தபடி இருந்தது.

பிரவீன் சென்னிமலைக்காரன். எங்கள் கம்பெனியில் என்னைவிட வேகமாகக் கோட் எழுதுகிறவன் அவன் ஒருவன்தான். பெரியவர் பக்கம் நின்றான். "நாளைக்கு நானும் நீங்களும் இங்க இல்லைன்னாலும் பெரியவர் தெரிஞ்ச ஆளு ஊருக்குள்ள நூறு பேர் கெடைப்பாங்க. சின்னவருக்கு யாரைங்க தேடறது?" என்றான்.

அது சரியான பேச்சு. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கதையை நான் சொல்லும்போதெல்லாம் கேட்பவர்கள் பிரவீனைத் தோற்றவனாக ஆக்கிவிடுகிறார்கள். அவன் தோற்கவில்லை. பெரியவரை எடுத்து நானே நன்றாக முடித்த வேலைகள் எத்தனையோ உண்டு.

இரண்டையும் வைத்து இரண்டு மாதிரிப் பக்கங்கள் செய்தோம். பார்க்க ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருந்தன, பெரியவரின் பக்கம் கூடுதல் அழகு. இரண்டையும் எடுத்துக்கொண்டு மறுபடி மலை ஏறினோம்.

ஒரு கட்டம் காலியான விதம்

செல்வராணிக்குப் பெரியவரைப் பிடித்துவிட்டது.

"இதுதான் நல்லா இருக்குதுங்க மேடம். கலரு, எழுத்து எல்லாம். அது ஏதோ ரேஷன் கடைச் சீட்டு மாதிரி இருக்குது" என்று சின்னவரைத் தள்ளி வைத்தாள். கீழ் டிவிஷன் நர்ஸ் ஜாஸ்மினும் அதையேதான் சொன்னாள். பிரவீன் என் பக்கம் திரும்பவில்லை, ஆனால் அவன் காது சந்தோஷமாக இருந்தது தெரிந்தது. பழைய போன்களில் பெரியவர் திறக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார். அதைக்கூட அவர்கள் பெரிதாக நினைக்கவில்லை. மலைமேல் எல்லாமே மெதுவாகத்தான் வருகிறது. பஸ், பால், வெயில்.

பிறகு ஒரு சோதனை வைத்தோம். செல்வராணியையே நோயாளியாகப் பதிந்து, அந்தப் பதிவு இரண்டு நர்ஸ்களின் போனிலும் இருக்கும்படி செய்தோம். அதில் அவளுக்கு ஒரே சிரிப்பு. மேல் டிவிஷனில் சிக்னல் இல்லாத இடத்தில் நின்று, அவள் தன் பிரஷரைத் தானே பார்த்துத் தன் போனில் போட்டாள். அதே வேளையில் கீழ் டிவிஷனில், அங்கும் சிக்னல் இல்லாத இடத்தில், ஜாஸ்மின் தன் போனில் செல்வராணியின் வீட்டு எண்ணை மாற்றினாள். பிறகு ஒருவர் பின் ஒருவராகச் சிக்னல் இருக்கும் இடத்துக்குப் போனார்கள். முதலில் செல்வராணி, அப்புறம் ஜாஸ்மின்.

நான் டவுன் கிளினிக்கில் டாக்டரின் மேஜை அருகே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவரின் பக்கத்தில் செல்வராணியின் பிரஷர் வந்தது. சற்று நேரம் கழித்து ஜாஸ்மின் மாற்றிய வீட்டு எண் வந்தது. அது வந்ததும் பிரஷர் இருந்த கட்டம் காலியாகிவிட்டது.

எச்சரிக்கை எதுவும் இல்லை. ஜாஸ்மினின் போனில் இருந்த பதிவில் பிரஷர் கிடையாது, கடைசியாக வந்த பதிவு அவளுடையது, கடைசியாக வந்ததே நிற்கும். அதுதான் பெரியவரின் வழக்கம். கடையில் பொருள் விற்கிற பக்கத்துக்கு அது போதும். நான் அந்தக் காலிக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி ஒரு வீட்டை மறைத்துவிட்டு நகர்ந்துகொண்டிருந்தது. அங்கே வீடு இருந்தது என்று முன்பே தெரியாதவர்களுக்கு அது வெறும் வெளி.

சின்னவரிலும் அதே சோதனையைச் செய்தோம். பிரஷரும் நின்றது, புதிய வீட்டு எண்ணும் நின்றது. ஒரே கட்டத்தை இரண்டு பேரும் வேறு வேறாக மாற்றியிருந்தால், இரண்டையும் காட்டி எது சரி என்று கேட்டது.

"பெரியவர்லயும் இதுக்கு வழி இருக்குதுங்கக்கா. ஒவ்வொரு கட்டத்துக்கும் நாம ரூல் எழுதிக்கலாம்" என்றான் பிரவீன்.

"எழுதலாம். ஒரு கட்டத்துக்கு மறந்துட்டோம்னு வெய்யி?"

இறங்கும் வழியில் டீக்கடை ஒன்றில் நிறுத்தினோம். டீயை ஆற்றிக்கொண்டே, "மறந்தா நமக்குத் தெரியாமயே போயிரும்" என்றான், என்னிடம் சொல்கிற மாதிரி இல்லாமல்.

பறவையை நம்புவது

எங்கள் முதலாளி கோவிந்தராஜ் சார் நூல் மில் குடும்பத்தில் பிறந்தவர். மில்லைத் தம்பிகளிடம் விட்டுவிட்டு மென்பொருளுக்கு வந்தவர். கோட் எழுதத் தெரியாது, ஆனால் எந்த முடிவையும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பார்.

"ஏனுங்க சுமதி, சின்னவரை யாருங்க எழுதறது?"

"ஒருத்தர்தாங்க சார். பேர் தெரியலைங்க. படத்துல ஒரு கடல் பறவை இருக்குதுங்க."

"பறவையா?" அவர் சிரிக்க ஆரம்பித்தால் நாற்காலியும் சேர்ந்து குலுங்கும். சிரித்து முடித்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்: "சரிங்க, பறவை ஒரு நாள் பறந்து போயிருச்சுன்னு வெய்ங்க. அப்ப?"

"லைசென்ஸ் நமக்கு எல்லா உரிமையும் குடுக்குதுங்க. எடுத்து நாமளே மாத்திக்கலாம்."

"மாத்தலாம்ங்கறது வேற, மாத்தத் தெரியறது வேறங்க. ஒண்ணு பண்ணுங்க. பிரவீனும் நீங்களும் அதை உள்ள முழுசாப் படிச்சுப்போட்டு வாங்க. படிச்சதுக்கு அப்பறமும் வேணும்னு தோணுச்சுன்னா எடுத்துக்கலாம். பெரியவரை அப்படிப் படிக்க முடியுமுங்களா?"

"ஒரு ஆயுசு பத்தாதுங்க சார்" என்றான் பிரவீன்.

"அப்ப அதையும் கணக்குல சேர்த்துக்கங்க" என்றார்.

அந்த ஆடி மாதக் காலைகளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஜன்னல்களைத் தட்டிக்கொண்டே இருந்தது. தூறல் விழுவதுபோல் வந்து விழாமல் போகும். நானும் பிரவீனும் ஒரே திரையின் முன் உட்கார்ந்து, முன்பின் பார்த்திராத ஒருவர் எழுதியதை வரிவரியாகப் படித்தோம். வேலை செய்வது போலவே இல்லை. ஊருக்குப் போயிருக்கும் ஒருவருடைய வீட்டில், சாவியை வாங்கிக்கொண்டு, அறை அறையாக நடப்பதுபோல் இருந்தது.

அனுப்பக் காத்திருக்கும் பதிவுக்கு அவர் வைத்திருந்த பெயர் படகு. சர்வர் என்று நாங்கள் எழுதும் இடத்தில் துறைமுகம். நடுநடுவே தனக்குத்தானே குறிப்புகள் எழுதி வைத்திருந்தார். அலை அதிகமான நாளில் இணைப்பு பாதியில் அறும், அவசரப்படாதே என்று ஓரிடத்தில். படகு திரும்பியதாகச் சொல்லும் வரை அழிக்காதே என்று இன்னோரிடத்தில். ஏதோ ஒரு வடக்குக் கடலில், தீவுகளுக்கு நடுவே போகிற ஆட்களுக்காக இதை எழுதியிருக்கிறார் என்பது மெல்ல விளங்கியது. எனக்குக் கடல் அதிகம் தெரியாது. ஆனால் சாயங்காலம் ஸ்கூட்டரில் வீடு திரும்பும்போது, அவிநாசி ரோட்டு நெரிசலுக்கு நடுவே, வால்பாறை மூடுபனியும் அந்தச் சாம்பல் கடலும் ஒன்றாகக் கலந்து மனசுக்குள் அசைந்துகொண்டிருக்கும். அங்கே போய்க்கொண்டிருப்பது படகா, செல்வராணியா என்று சொல்ல முடியாது.

ஓரிடத்தில் மட்டும் பிரவீன் நின்றான். 'இந்தக் கதவு திறந்தேதான் இருக்கும் என்று நம்புகிறேன்' என்று ஒரு குறிப்பு. போனின் சேமிப்புக்குள் போகும் வழியைத்தான் அவர் கதவு என்று சொல்லியிருந்தார்.

"நம்புகிறேன்னு எழுதியிருக்காருங்க, தெரியும்னு எழுதலை" என்றான்.

"நாமளும் நம்புவோம்" என்றேன்.

சின்னவரை எடுத்தோம். திரையைப் பிரவீன் வரைந்தான். செல்வராணியின் ரேஷன் கடைப் பேச்சு அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். பெரியவரைத் தோற்கடிக்கும் அழகில் வரைந்துவிட்டான்.

காத்திருக்கிறது

ஒரு வருஷம் எல்லாம் நன்றாக நடந்தது. அடுத்த மழைக்காலத்தில் ஜாஸ்மின் போன் செய்தாள்.

"மேடம், எல்லாப் பேருக்குப் பக்கத்துலயும் 'காத்திருக்கிறது'ன்னே நிக்குதுங்க. மரத்தடிக்குப் போயி நின்னு பாத்துட்டேன். சிக்னல் ஃபுல்லா இருக்குது. போகவே மாட்டேங்குது."

அடுத்தடுத்து மற்ற நர்ஸ்களும் அதையே சொன்னார்கள். பதிவுகள் போன்களில் பத்திரமாக இருந்தன, ஆனால் ஒன்றும் கீழே வரவில்லை. எல்லோருடைய போனிலும் பிரவுசர் தானாகவே புது வெர்ஷனுக்கு மாறியிருந்தது.

சின்னவரின் பக்கத்துக்குப் போய்ப் பிரச்சினையை எழுதினோம். எங்களுக்கு முன்பே வேறு வேறு நாடுகளிலிருந்து சிலர் அதையே எழுதியிருந்தார்கள். ஒன்றுக்கும் பதில் இல்லை. சில மாதங்களாகவே பறவை எதுவும் எழுதவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். பக்கத்தின் மூலையில் அந்தப் படம் மட்டும் இறக்கையை விரித்தபடியே இருந்தது.

நான் பிரவீனைப் பார்த்தேன். 'அப்பவே சொன்னேன்' என்ற ஒரு வரி அவனுக்குக் கடனாக இருந்தது. அவன் அதை எடுக்கவேயில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அந்தக் கதவு" என்றான்.

முதலில் எனக்குப் புரியவில்லை.

"திறந்தே இருக்கும்னு நம்புகிறேன்னு எழுதியிருந்தாரே, அந்தக் கதவுங்கக்கா. புது பிரவுசர் அதைச் சாத்திப்போடுதுன்னு நெனைக்கறேன்."

அதுவேதான். மழைக்குப் பயந்து நர்ஸ்கள் போனைப் பைக்குள் வைத்ததும், பக்கம் பின்னணிக்குப் போய்விடும். புதிய பிரவுசர் அந்த நேரம் பார்த்துச் சேமிப்பின் கதவைச் சாத்திவிட்டது. சின்னவருக்கு அது தெரியாது. சாத்திய கதவின் முன்னால், திறந்திருப்பதாக நினைத்துக்கொண்டு, பொறுமையாக நின்றுகொண்டிருந்தார். உள்ளே படகுகள் எல்லாம் பாரம் ஏற்றித் தயாராக இருந்தன.

ஒவ்வொரு முறையும் கதவைத் தொட்டுப் பார்த்து, சாத்தியிருந்தால் திறக்கும்படி மாற்றினோம். மாற்றியது சில வரிகள்தான். படித்திராவிட்டால் அந்தச் சில வரிகள் எங்கே இருக்கின்றன என்று தேடவே மாசமாகியிருக்கும். பழைய போன்களில் சோதித்துப் பார்த்து, சர்வரில் ஏற்றினோம். நர்ஸ்கள் ஒவ்வொருவருக்கும் நானே போன் போட்டேன். "சிக்னல் இருக்கற எடத்துல நின்னு பக்கத்தை ஒரு தடவை மூடித் தெறங்கம்மா. கொஞ்சம் பொறுங்க. அழிச்சு மட்டும் போடாதீங்க."

பிறகு நாங்கள் இருவரும் சர்வர் திரையின் முன் உட்கார்ந்தோம். முன்பகல் வெளிச்சம் ஈரமாக இருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு பதிவு வந்தது. இன்னொன்று. செல்வராணியின் போனில் இருந்தவை மொத்தமாக வந்து இறங்கின. எங்கோ மலைமேல் ஒரு மரத்தடியில் குடை பிடித்துக்கொண்டு அவள் நிற்பது அந்த வரிகளில் தெரிந்தது. வெகுநேரம் கழித்து ஜாஸ்மினுடையவை வந்தன. அவை வந்து சேர்ந்ததும் மகேஸ்வரி என்ற ஒரு பெயருக்குப் பக்கத்தில் சிவப்புக் குறி எழுந்தது.

பிரஷர் தொடர்ந்து ஏறிக்கொண்டே போனால் வரும் குறி அது. மகேஸ்வரி மேல் டிவிஷனில் வாழ்க்கைப்பட்டவள், முதல் பிரசவத்துக்காகக் கீழ் டிவிஷனில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். மேலே இருந்தபோது செல்வராணி பார்த்த பிரஷர் குறைவாக இருந்து மெல்ல ஏறத் தொடங்கியிருந்தது. கீழே வந்தபின் ஜாஸ்மின் பார்த்தது இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது. செல்வராணியிடம் இருந்ததை மட்டும் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஜாஸ்மினிடம் இருந்ததை மட்டும் பார்த்தாலும், அடுத்த வாரம் மறுபடி பார்க்கலாம் என்றுதான் தோன்றும். இரண்டும் சேர்ந்தபோதுதான் அந்த ஏற்றம் கோடாகத் தெரிந்தது.

போன் அடித்தது. டாக்டர்.

"சுமதி, மகேஸ்வரிக்குச் செவப்பு காட்டுது. இது நெஜமா, இல்ல உங்க சிஸ்டம் இத்தனை நாள் படுத்துக் கெடந்து எந்திரிச்சதுல ஒளறுதா? ஜீப்பை அனுப்பணும்னா இந்த மழையில நான் யோசிச்சுத்தான் அனுப்பணும்."

என் தொழிலில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பிரவீனைப் பார்த்தேன். அவன் அந்தப் பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, எந்தப் போனிலிருந்து வந்தது என்று பார்த்துக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தாமல் ஆட்டினான்.

"நெஜந்தாங்க டாக்டர். ரெண்டு சிஸ்டரும் போட்டது போட்டபடி இருக்குதுங்க. ஒண்ணும் அழியலை, ஒண்ணும் தானாச் சேரலை."

"உறுதியா?"

"உள்ள என்ன நடக்குதுன்னு நாங்க வரிவரியாப் படிச்சிருக்கோமுங்க."

அவர் போனை வைத்துவிட்டார்.

அதன் பிறகு எங்களுக்குச் செய்ய ஒன்றுமில்லை. ஜீப் கீழ் டிவிஷனுக்குப் போயிருக்கும். மழைக்குள், மகேஸ்வரியோடு பொள்ளாச்சியை நோக்கி ஒவ்வொரு வளைவாக இறங்கிக்கொண்டிருக்கும். நான் போயிருந்த வழி என்பதால் ஒவ்வொரு திருப்பத்தையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். என் கணக்கில் அவர்கள் பலமுறை மலை இறங்கிவிட்டார்கள். கோவிந்தராஜ் சார் வந்து எட்டிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மூன்று பேரும் நகராத ஒரு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சாயங்காலம் செல்வராணி பேசினாள். "பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில சேத்தாச்சுங்க மேடம். நல்ல வேளை கூட்டிட்டு வந்தீங்கன்னு சொன்னாங்களாம். பிரசவம் வரைக்கும் அங்கயே வெச்சுப் பாத்துக்கறாங்களாம்." ஜீப்பில் கூடப் போனது ஜாஸ்மின்தான் என்றும், மகேஸ்வரியைவிட ஜாஸ்மின்தான் வழியெல்லாம் வாந்தி எடுத்தாள் என்றும் சொன்னாள். பெண் குழந்தை பிறந்தது பிற்பாடு. தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தார்கள்.

இருக்கிறோம்

நாங்கள் செய்த திருத்தத்தைச் சின்னவரின் பக்கத்தில் போட்டோம். எங்களைப் போலவே தவித்துக்கொண்டிருந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பறவையிடமிருந்து மட்டும் சத்தமில்லை.

மழைக்காலம் முடியும் தறுவாயில் ஒரு பதில் வந்தது. எழுதியது ஒரு பெண். ஒரு தீவில், மீன்பிடிப் படகுகளின் பதிவுகளுக்காக இதை எழுதியிருக்கிறார். அந்த வேலையை விட்டு வெகுநாளாயிற்றாம். நாளுக்கு நாள் கேள்விகள் குவிந்தன, ஒருவராகப் பதில் சொல்ல முடியவில்லை, ஒரு கட்டத்துக்கு மேல் அந்தப் பக்கத்தைத் திறக்கவே பயமாகிவிட்டது என்று எழுதியிருந்தார். எங்கள் திருத்தம் தன்னுடையதைவிடச் சரியாக இருக்கிறது என்றும். கடைசியில் ஒரு கேள்வி: 'உங்கள் சோதனைப் பதிவுகளில் தேயிலை என்று ஒரு சொல் வருகிறதே, நீங்கள் கடலுக்குப் பக்கத்தில் இல்லையா?'

நான் பதில் எழுத உட்கார்ந்தேன். மலையைப் பற்றி, சில்வர் ஓக் மரத்தைப் பற்றி, மகேஸ்வரியின் பெயரைச் சொல்லாமல் இரண்டு போன்களில் பாதி பாதியாக இருந்த ஒரு பெண்ணின் பிரஷரைப் பற்றி எழுதினேன். அவருடைய பதில் மறுநாளே வந்தது. 'வெகுநேரம் ஜன்னலருகே உட்கார்ந்திருந்தேன்' என்று தொடங்கியது. இனி தனியாகப் பார்த்துக்கொள்ளத் தனக்குத் தெம்பில்லை, நீங்கள் இருவரும் சேர்ந்துகொள்கிறீர்களா, சாவியைத் தருகிறேன் என்று முடிந்தது.

கோவிந்தராஜ் சாரிடம் சொன்னேன். இதில் வருமானம் ஒன்றுமில்லை, வேலை நேரம் போகும் என்பதையும் சொன்னேன்.

"நாம எடுத்துப் பொழைக்கறோம். கொஞ்சம் திருப்பிப் போடோணுமுங்கல்ல?" என்றார். "வெள்ளிக்கிழமை முன்பகல் ரெண்டு பேரும் அதுக்கே வெச்சுக்கங்க. கஸ்டமர் கூப்புட்டா நான் பேசிக்கறேன்."

இப்போது நீங்கள் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். எந்த லைப்ரரியை எடுப்பது? எத்தனை பேர் விரும்பியிருக்கிறார்கள், எத்தனை தடவை பதிவிறக்கியிருக்கிறார்கள் என்ற எண்களைப் பாருங்கள், தப்பில்லை. லைசென்ஸைப் படியுங்கள். உங்களிடம் இருக்கும் நல்ல போனில் பார்க்காமல், பயன்படுத்தப் போகிறவரின் போனில், அவர் நிற்கும் இடத்தில் நின்று பாருங்கள். ஒரே பதிவை இரண்டு பேர் தொட்டால் என்ன ஆகிறது என்று பாருங்கள். எது பிடித்திருக்கிறது என்று கேளுங்கள், கேட்டதோடு விட்டுவிடாதீர்கள். இதெல்லாம் செய்தபிறகும் இரண்டு மிஞ்சினால், எதன் உள்ளே போய் உட்கார்ந்து படிக்க உங்களுக்கு மனசிருக்கிறதோ அதை எடுங்கள். எழுதியவர் ஒரு நாள் களைத்துப்போவார். அன்றைக்கு அவர் பக்கத்தில் போய் நிற்க உங்களால் முடியுமா என்பதுதான் கடைசியில் மிஞ்சும் கேள்வி. பெரியவர் விஷயத்திலும் அப்படித்தான். அங்கே களைப்பது ஒரு கம்பெனி, அவ்வளவே.

சென்ற வெள்ளிக்கிழமை காலை சின்னவரின் பக்கத்தைத் திறந்தபோது ஒரு புதியவர் எழுதியிருந்தார். எங்கோ பனிமலை நாட்டில், சாலை இல்லாத கிராமங்களின் பள்ளிக்கூடங்களுக்காக ஏதோ செய்கிறாராம். எங்கள் லைப்ரரியும் பெரியவரும்தான் கடைசியில் மிஞ்சியிருக்கின்றன, எதை எடுப்பதென்று தெரியவில்லை என்றார். கடைசி வரி இப்படி இருந்தது: 'இங்கே யாராவது இருக்கிறீர்களா?'

நான் பதில் எழுதப் போவதற்குள், கடலோரத்திலிருந்து பறவை எழுதிவிட்டிருந்தது: இருக்கிறேன்.

அதன் கீழே பிரவீன், பக்கத்து மேஜையிலிருந்து, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்: நானும்.

மூன்றாவதாக என் பெயரைச் சேர்த்துவிட்டு, உங்கள் ஊரில் மழைக்காலம் எப்போது என்று அவரைக் கேட்டேன்.